காதும் நாக்கும் உள்ள உத்தரம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் மேல்வரிசைப் பல்செட்டின் மீது சத்தியம் செய்கிறேன். கீழ்வரிசை என் சொந்தப் பல். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது; அதை இதில் இழுக்க வேண்டாம்.

கதை எனக்குக் கிடைத்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் எங்கும் தேடிப் போகவில்லை. மாடிச் சன்னலில் உட்கார்ந்திருந்தேன். கதை கீழே போயிற்று. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து மேற்கே ஒரு சந்து பிரிகிறது. அது முடியும் இடத்தில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. இப்போது அதற்குள் பாண்டித்துரையின் ஃபைபர் பட்டறை. கிடங்கின் கிழக்கு வாசல் சந்துக்குள் திறக்கும். எப்போதும் திறந்தே இருக்கும், ஏனென்றால் உப்புக்காற்றில் கீல்கள் துருப்பிடித்துக் கதவு நகர மறுத்துவிட்டது. வாசலிலிருந்து சந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடி, பஜார் ரோட்டைக் குறுக்கே வெட்டி, காயல் தண்ணீரில் முடியும். வாசலுக்குப் பக்கத்து வீடு என்னுடையது. சன்னலிலிருந்து எட்டி உமிழ்ந்தால் வாசற்படியில் விழும். (உமிழ்ந்ததில்லை.)

2

எங்கே தொடங்குவது என்பதில் கொஞ்சம் சிரமப்பட்டேன். முயன்றவற்றை அழிக்காமல் விடுகிறேன்.

முதல் தொடக்கம்: "மட்டாஞ்சேரியில் அன்று விடியும்போதே மழை—"

(நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. இந்த ஊர்க் கதை என்றால் மழையில் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கண்ணாடி நூல்களைக் கற்றையாக ரெசின் பசையில் தோய்த்து, சூடேறிய டைக்குள், அதாவது அச்சுக்குள், ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்தால், நூல் உத்தரமாக வெளியே வரும். துருப்பிடிக்காது, கரையான் தொடாது, ஷாக் அடிக்காது, இரும்பின் எடையில் கால்வாசிதான் இருக்கும், கடற்கரைக் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உகந்த—"

(விளம்பரமாகிவிட்டது. ஆனாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். குறிப்பாக ஒன்று: இழுப்பதைத் திடீரென்று நிறுத்தினால், உள்ளே இருக்கும் ரெசின் அங்கேயே இறுகிவிடும். பிறகு டையை எடைக்குப் போடலாம்.)

மூன்றாம் தொடக்கம்: "பாண்டிச்செல்விக்கு அது கடைசி வாய்ப்பு."

இது நல்ல தொடக்கம். அதனாலேயே எனக்கு இதன் மேல் சந்தேகம். இருந்தாலும் வேறு வழியில்லை.

3

பாண்டிச்செல்விக்கு அது கடைசி வாய்ப்பு.

அவள் பாண்டித்துரையின் தங்கை. இவர்களுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். அண்ணனும் தங்கையும் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார்கள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஆகவே இதைப் படித்துவிட்டு செல்வி மறுப்பு எழுதுவாள் என்ற கவலை எனக்கில்லை.

பட்டறையில் பாண்டித்துரை எல்லோரும் செய்வதைத்தான் செய்துவந்தான். ஆங்கிள், சேனல், சதுரக் குழாய். அதே சாமான் வெளியூரிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும்போது இவனிடம் வர யாருக்கு என்ன அவசியம்? கிடங்கை வாடகைக்குக் கேட்டு பினு என்பவன் நடையாய் நடந்தான். மட்டாஞ்சேரியில் ஒரு சுவர் பழையதாகத் தெரிந்தால் போதும், அதற்குள் காப்பிக்கடை வைக்க ஒருவர் வந்துவிடுவார்.

செல்வியின் கட்சி வேறு. வாங்க வருபவனுக்கு என்ன வடிவம் வேண்டுமோ அதை இழுத்துக் கொடுக்க வேண்டும் என்பாள். அவள் பிடித்த முதல் ஆள் யூசுப். கும்பளங்கியில் அவருக்கு ஐஸ் பிளாண்ட் இருக்கிறது. உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி அங்கே இரும்பு நடைபாதை பப்படம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு நாள் பிச்சைமணி என்ற தொழிலாளி ஐஸ் பாளத்தோடு அதில் நடக்க, பாளம் மேலேயே நின்றது, பிச்சைமணி கீழே போய்விட்டான். இடுப்பெலும்பு. அதன் பிறகு யூசுப் இரும்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

உத்தரத்தின் தலையில் ஒரு பள்ளம் வேண்டும் என்றார், தண்ணீர் வழிந்தோட. அவருடைய எலக்ட்ரீஷியன் பக்கவாட்டில் ஒரு காது கேட்டான், ஒயர் நுழைக்க. மேஸ்திரி தன் பங்குக்கு அடியில் ஒரு நாக்கு கேட்டான், கொக்கி மாட்ட. செல்வி எல்லாவற்றையும் வரைந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினாள். டை செய்கிறவர் போன் செய்து, படம் கிடைத்தது, இவருக்கு மூக்கு வேண்டாமா என்று கேட்டாராம்.

டை வந்தது. இழுத்துப் பார்த்தபோதெல்லாம் காது கிழிந்தது. நூலைக் கூட்டினாள், சூட்டைக் குறைத்தாள், ரெசினை மாற்றினாள். காது மட்டும் பிய்ந்த பப்பாளித் தோலாக வந்துகொண்டே இருந்தது. பாண்டித்துரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"செல்வி, இந்த ஒரு தடவை. காது முழுசா வந்து யூசுப் இக்காவுக்குச் சரக்கு இறங்கிச்சுன்னா, கிடங்கு உனக்கு, நீயே நடத்து. இல்லேன்னா பினுவுக்கு. அப்புறம் எங்கிட்ட பறஞ்சிட்டு வரக்கூடாது."

4

(பினுவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் அவனுக்குத் தடித்த மீசை வைத்து, தங்கச் சங்கிலி போட்டு, செல்வியின் ஒயரைப் பிடுங்க வைத்திருந்தேன். பிறகு சன்னலிலிருந்து பார்த்தால் அவன் ஒல்லியான, கண்ணாடி போட்ட, எல்லோருக்கும் வழிவிட்டு நடக்கிற பையன். வில்லனுக்கு ஆகமாட்டான். சங்கிலியை அவிழ்த்து, மீசையைச் சிரைத்து, கையில் ஒரு அளவெடுக்கும் டேப் மட்டும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கதை முழுக்க அவன் சுவர்களை அளந்துகொண்டிருப்பான். அது எந்த வில்லத்தனத்தையும் விட எரிச்சலான காரியம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.)

இன்னொன்று. இந்தக் கதையைக் கேட்ட பத்திரிகைக்காரர் சின்னதாக ஒரு காதல் சேர்க்க முடியுமா என்றார். அவருடைய மனைவிக்கு உருக்கமான இடம் ஒன்று வேண்டுமாம். ஆக, கதைக்கும் காது, நாக்கு. காதலுக்கு இடமில்லை. உருக்கத்துக்கு எட்டாம் பகுதியில் ஏதாவது செய்து பார்க்கிறேன்.

5

அன்று காலை காது முழுசாக வந்தது.

இயந்திரத்தின் வாயிலிருந்து உத்தரம் மெல்ல மெல்ல நீண்டது. தலையில் பள்ளம், அடியில் நாக்கு, பக்கத்தில் குழந்தைக் காது மாதிரி மழமழவென்று ஒரு காது. செல்வி அதற்குள் விரலை விட்டபடியே கூட நடந்தாள். இயந்திரத்தின் கடைசியில் ஒரு ரம்பம் உண்டு. உத்தரம் யூசுப் கேட்ட நீளத்துக்கு வந்ததும் அது இறங்கி நறுக்கும். அன்று இறங்கியது, உறுமியது, கரும்புகை விட்டது, நின்றுவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டது.

கையால் வெட்டும் கட்டர் ஒன்று இருந்தது. அதைப் பாண்டித்துரை கும்பளங்கிக்கு எடுத்துப் போயிருந்தான், யூசுப்பின் பழைய இரும்பை அறுக்க. செல்வி போன் செய்தாள். இதோ வருகிறேன் என்றான். கும்பளங்கியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு "இதோ" என்பது எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும்.

உத்தரம் கிழக்கு வாசலைத் தாண்டியது.

தொழில் தெரிந்தவர்கள் இப்போது கையைத் தூக்குவார்கள். பின்னால் நூலை அறுத்துவிட்டால் போதுமே, டை காலியாகிவிடும், யாருக்கும் சேதமில்லையே என்று. சரிதான். நானும் சன்னலிலிருந்து அதையே சொன்னேன். அறுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கேன்மா என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடி தொடங்கினா காது வரும்னு நீங்க எழுதித் தருவீங்களா மாமா? நல்லா வர்றப்ப யாராவது நிறுத்துவாங்களா?"

எழுதுகிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

6

எறும்பு வேகத்தில் வந்தாலும் உத்தரம் உத்தரம்தான். தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். செல்வி சந்திலிருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டாள். அவரவர் கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து அடியில் முட்டுக்கொடுத்தார்கள். சலவைக்கார மாயம்மாள் இஸ்திரி மேசையைத் தந்தாள். சாயாக்கடை குழந்தைசாமி அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். நான் மூன்று கால் ஸ்டூல் ஒன்றைக் கயிறு கட்டி இறக்கினேன். கதையின் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு: கல்யாணமானாலும் சாவானாலும், ஒரு பெஞ்சு கொடுத்தவனுக்கு அந்தக் காரியத்தில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு.

மாயம்மாள் முதலில் ஒரு ஈரத் துண்டைத்தான் போட்டுப் பார்த்தாள். நாக்கில் கொக்கி மாட்டினால் சேலையே தொங்கும் என்று தெரிந்ததும் லாட்ஜிலிருந்து சலவைக்கு வந்த துணி மொத்தமும் ஏறியது. வெயிலில் காய்ந்துகொண்டே துணிகள் கிழக்கே போயின. மடிப்பதற்கு அவள் பஜார் ரோடு வரை பின்னால் நடக்க வேண்டியிருந்தது. குழந்தைசாமி சாயா கிளாஸ்களைத் தலைப் பள்ளத்தில் வரிசையாக வைத்து அனுப்பினார். பஜார் ரோட்டுச் சுமைக்காரர்களுக்குச் சாயா வீடு தேடி வந்தது, ஆறித்தான் வந்தது. காலி கிளாஸ் திரும்பி வராது என்பதை அவர் பிற்பகலில்தான் கவனித்தார். என் பக்கத்து வீட்டுப் பூனை பள்ளத்தில் படுத்துத் தூங்கிவிட்டது. விழித்துப் பார்த்தபோது மீன் வாசனை அடித்ததில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

பஜார் ரோட்டில் லாரிகள் இரண்டு பக்கமும் நின்றுபோயின. டிரைவர்கள் இறங்கி வந்து கொஞ்ச நேரம் திட்டினார்கள். பிறகு வடக்கு லாரியின் அரிசியை உத்தரத்துக்கு மேலாகத் தெற்கு லாரிக்கும், தெற்கின் மிளகை வடக்குக்கும் மாற்றி ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்கள். இரண்டு பேருக்கும் டீசல் மிச்சம்.

உத்தரத்தின் முனை காயலுக்கு மேலே போய் நின்றது. நின்றது என்றா சொன்னேன்? போய்க்கொண்டிருந்தது. எதிரே வெலிங்டன் தீவில் ஒரு காவலாளி எழுந்து நின்று பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

(மேலே உள்ளதில் பூனை விஷயத்தை மட்டும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அந்தப் பூனை அப்படித் தூங்காது.)

7

எங்கள் பகுதித் தலைவர் ஸ்ரீநாத், பொது வழியில் இடைஞ்சல் என்று புகார் கேட்டு வந்தார். வந்தவருக்கு யாரோ சாயா கொடுத்தார்கள். உத்தரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். குடித்து முடித்தபோது இது ஒரு வளர்ச்சித் திட்டம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. உடனே காயல் படித்துறை ஓரமாக ஒரு ரிப்பன் கட்டச் சொன்னார். கத்திரிக்கோல் வருவதற்குள் அவர் பேச்சைத் தொடங்கினார். பேச்சு முடிவதற்குள் உத்தரத்தில் தொங்கிய ஒரு ஜமுக்காளம் வந்து ரிப்பனை வாரிக்கொண்டு போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. தன் பேச்சுக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் இதில் தலையிடவில்லை.

8

பாண்டித்துரை கட்டரோடு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பினுவும் கூடவே வந்து, வழக்கம்போல வாசலின் அகலத்தை அளந்தான்.

செல்விக்கு அவசரம். நூல் கண்டுகள் தீர்ந்துவருகின்றன. யூசுப்புக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் வெட்டப்படாமல் தெருவில் ஒரே உடம்பாக நீண்டு கிடக்கின்றன. மேலும் கீழும் பிறர் சாமான். வெட்டினால்தான் சரக்கு. சரக்கு இறங்கினால்தான் கிடங்கு.

வாசலோரத்தில் கட்டரை வைத்தார்கள். மாயம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"எடீ செல்வி, நனஞ்ச துணியோட போயிட்டிருக்குது. இப்ப வெட்டினா நடுத்தெருவுல நின்னுபோகும். அங்கே நிழலு. எனக்கு எப்படிக் காயும்? வேணும்னா குழந்தைசாமி கடைக்கு அந்தாண்ட வெட்டிக்கோ."

குழந்தைசாமி, தன் கடைக்கு அந்தப் பக்கம் வெட்டினால் சாயா எப்படிப் போகும், படித்துறைப் பக்கம் வெட்டலாமே என்றார். படித்துறையில் வெட்டினால் திட்டம் முழுமை பெறாது என்றார் ஸ்ரீநாத். என்னையும் கேட்டார்கள். வெட்டுவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, என் ஸ்டூலுக்கு மேல் மட்டும் வேண்டாம் என்றேன்.

(வெட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். அடுத்தவர் இடத்தில் வெட்டச் சொன்னோம். இந்தக் கதையைப் படித்துப் பார்த்த நண்பர்களும் அப்படித்தான். ஒருவர் பூனையை வெட்டச் சொன்னார், ஒருவர் பூனையைத் தவிர எல்லாவற்றையும்.)

செல்வி உத்தரத்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நடந்தாள். காதுக்குள் விரல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால், இது சரியாக வராமலே போயிருக்கலாம் என்று நினைக்கிற மாதிரி இருந்தது.

அப்போது யூசுப் வந்தார். பாண்டித்துரையின் பின்னால் டெம்போவில் வந்தவர், டெம்போ நுழையாததால் பஜார் ரோட்டிலிருந்து நடந்தே வந்தார். தன் உத்தரத்தில் லாட்ஜ் படுக்கை விரிப்புகள் தொங்குவதைப் பார்த்தார். பள்ளத்தில் காலி கிளாஸ்களைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் உத்தரத்தின் மேல் உள்ளங்கையை ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அது வளையவில்லை.

"எனக்கு ஒரே காரியம் மதி, அது போதும் மோளே," என்றார் செல்வியிடம். "என் ஆளு இனி விழக்கூடாது. பிச்சைமணி இப்பளும் சுவத்தைப் பிடிச்சுதான் நடக்குறான். இது அவன் நடக்க வேண்டிய சாதனம். துணி காயப் போட இல்லே."

மாயம்மாள் ஒரு படுக்கை விரிப்பை இழுத்துத் தோளில் போட்டாள். பிறகு அடுத்தது. குழந்தைசாமி கிளாஸ்களைப் பொறுக்கத் தொடங்கினார். நான் ஸ்டூலைப் பற்றி இனி பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பாண்டித்துரை வாசலில் வைத்து வெட்டினான். உள்ளே உத்தரம் வந்துகொண்டே இருந்தது. வெளியே இருந்தது நின்றது. ஒரு பகல் முழுக்க நகர்ந்துகொண்டிருந்த ஒன்று நின்றபோது, சந்தே பின்னால் போகிற மாதிரி எனக்குத் தலைசுற்றியது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே கிடந்ததையும் அளந்து அளந்து யூசுப் கேட்ட நீளத்துக்கு வெட்டினார்கள். அளக்க டேப் வேண்டியிருந்தது. பினுதான் கொடுத்தான். கொடுத்தது மட்டுமில்லை, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குந்திக் குந்தி நகர்ந்தான். டெம்போ நிறைந்தது. மிஞ்சிய துண்டுகளை முட்டுக்கொடுத்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். என் ஸ்டூல் மேல் கிடந்த துண்டு எனக்கு வந்தது. இப்போது என் எழுதுமேசையின் ஆடும் காலுக்கு அடியில் அதுதான் இருக்கிறது.

9

முடிவு.

எல்லோரும் போன பிறகு கிடங்கு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். பாண்டித்துரை ஒரு துண்டை எடுத்துக் காதுக்குள் விரலை விட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டினான். எங்கும் தட்டவில்லை. செல்வி அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பினு டேப்பைச் சுருட்டாமல் கையில் வைத்திருந்தான். சரக்கு இறங்கியது உண்மை. காது வந்ததும் உண்மை. ஆனால் மோட்டார் எரிந்திருக்கிறது, நாளைக்கு வேறொருவர் வந்து மூக்கு கேட்பார், ஒவ்வொரு மூக்குக்கும் ஒரு டை. காப்பிக்கடைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பாண்டித்துரை பெருமூச்சு விட்டு, திரும்பி,

"பினு, நீ—"

என்றான்.

இந்த வாக்கியத்தை நான் மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

"பினு, நீ வேற கிடங்கு பாரு." செல்வி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நேராக உள்ளே போய் டையைத் துடைக்கிறாள். பத்திரிகைக்காரரின் மனைவிக்குப் பிடிக்கும்.

"பினு, நீ நாளைக்கே சாவியை வாங்கிக்கோ." ஒரு வருஷம் கழித்து அதே இயந்திரத்தைச் சுற்றிலும் மஞ்சள் விளக்கு போட்டு, வெள்ளைக்காரர்கள் படமெடுக்கிறார்கள். செல்வி உத்தரத்தை வைத்து அங்கேயே மாடிப்படி கட்டிக் கொடுத்திருக்கிறாள். யாரும் அதிலிருந்து விழுவதில்லை. இலக்கியம் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும்.

"பினு, நீ சாயா குடிச்சியா?" மட்டாஞ்சேரியைத் தெரிந்தவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இதில் எதுவும் தீராது. நாளைக்கும் அவன் வந்து அளப்பான்.

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. வாசலுக்கு வந்த எல்லோருக்கும் அவரவர் கேட்ட வடிவத்தில் கொடுத்த பெண்ணின் கதை இது. உங்களிடம் மட்டும் நான் ரெடிமேடாக ஒன்றைத் தள்ளினால் நன்றாக இருக்காது. உங்கள் வீட்டுக்கு எந்த நீளம் சரிப்படும் என்று பார்த்து, அங்கே வெட்டிக்கொள்ளுங்கள். பாண்டித்துரையின் வாய் திறந்தபடி இருக்கிறது. செல்வி காத்திருக்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.

பல்செட்டின் மீது செய்த சத்தியத்துக்காக ஒரு தகவலை மட்டும் விடாமல் சேர்க்கிறேன்: அந்தக் கிடங்குக்குக் கிழக்கு வாசல் கிடையாது, கிழக்கே இருப்பது என் வீட்டுச் சுவர், அதில் சன்னலும் கிடையாது.